வேக வன்தட்டா, திடநிலைச் சேமிப்பகமா? ஆர்வலர் கணினிகளில் சேமிப்பகத் தேர்வின் அளவுகோல், 2003–2012

முன்னுரை

2003இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுழலும் ராப்டர் வன்தட்டை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2008 செப்டம்பரில் இன்டெல் நிறுவனம் எக்ஸ்25-எம் என்ற திடநிலைச் சேமிப்பகத்தை (எஸ்.எஸ்.டி.) வெளியிட்டது. 2012இல் ராப்டரின் வாரிசான வெலாசிராப்டர் வரிசையின் கடைசி மாதிரி விற்பனைக்கு வந்தது. தாமே பாகங்களை வாங்கிக் கணினி அமைத்துக்கொள்ளும் ஆர்வலர்களின் சேமிப்பகத் தேர்வு இந்த ஒன்பது ஆண்டுகளில் முற்றிலும் திசை மாறியது.

இந்த மாற்றத்தைப் புதியது வந்தது, பழையது போனது என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். அப்படிச் சொல்லும்போது, தேர்வுக்குப் பின்னாலிருந்த கணக்கு மறைந்துபோகிறது. அந்தக் கணக்கு இன்றும் வாங்குபவருக்கு வேண்டியதாக இருப்பதால் அதை மீட்டெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வேக வன்தட்டு 2003க்கும் 2008க்கும் இடையில் மட்டுமே அறிவார்ந்த தேர்வாக இருந்தது. அதன் பிறகு கொள்ளளவுக்கான விலையில் மெதுவான வன்தட்டிடமும், அணுகலுக்கான விலையில் எஸ்.எஸ்.டி.யிடமும் அது ஒருசேரத் தோற்றது. ஆகவே ஆர்வலர் முன்னிருந்த உண்மையான வழி, இரண்டில் ஒன்றைத் தேர்வதன்று. தரவின் தன்மைக்கேற்பச் சேமிப்பைப் பிரித்து வைப்பதே. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. காத்திருப்பின் இயற்பியல்

வன்தட்டிலிருந்து ஒரு தரவைப் படிக்க இரண்டு அசைவுகள் நிகழ வேண்டும். படிமுனையைத் தாங்கிய கை உரிய தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய பகுதி முனைக்குக் கீழே சுழன்று வர வேண்டும். முதலாவதற்கு ஆவது தேடல் நேரம். இரண்டாவதற்கு ஆவது சுழற்சிக் காத்திருப்பு. சுழற்சிக் காத்திருப்பின் சராசரி, அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டில் அது 4.17 மில்லிவிநாடி, 10,000 சுற்றில் 3 மில்லிவிநாடி, வழங்கிக் கணினிகளில் பயன்பட்ட 15,000 சுற்றுத் தட்டுகளில் 2 மில்லிவிநாடி.

சாதாரண 7,200 சுற்று வன்தட்டின் தேடல் நேரம் சராசரியாக 8.9 மில்லிவிநாடி என்று கொள்வோம். சுழற்சிக் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு சிதறிய வாசிப்புக்கு 13.07 மில்லிவிநாடி ஆகிறது. விநாடிக்கு ஏறத்தாழ 76 வாசிப்புகள். 2008 வெலாசிராப்டரில் தேடல் 4.2, சுழற்சி 3, மொத்தம் 7.2 மில்லிவிநாடி. விநாடிக்கு 139 வாசிப்புகள்.

இவ்விரு மொத்தங்களையும் கழித்துக் கூர்ந்து பார்த்தால் கவனத்துக்குரிய ஓர் உண்மை தெரிகிறது. மிச்சமான 5.9 மில்லிவிநாடியில் சுழற்சி வேகத்தால் வந்தது 1.2 மட்டுமே, மீதி 4.7 தேடல் குறைந்ததால் வந்தது. விளம்பரம் சுழற்சி எண்ணைச் சொல்ல, ஆதாயமோ சிறிய தட்டிலிருந்தும் விரைந்து நகரும் கையிலிருந்தும் கிடைத்தது. தட்டு ஏன் சிறுத்தது? சுழலும் தட்டு காற்றோடு உரசிச் செலவிடும் ஆற்றல், சுழற்சி வேகத்தின் ஏறத்தாழ மும்மடிக்கு ஏற்பவும், விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பவும் உயர்கிறது. வேகத்தைக் கூட்ட விரும்பும் பொறியாளர் விட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதனால்தான் வெலாசிராப்டர், வெப்பம் கடத்தும் 3.5 அங்குலச் சட்டகத்தில் பொருத்தப்பட்ட 2.5 அங்குல வன்தட்டாக இருந்தது. விட்டம் குறைந்தால் பரப்பு குறையும். பரப்பு குறைந்தால் கொள்ளளவு குறையும். வேக வன்தட்டு தன் வேகத்துக்கான விலையைக் கொள்ளளவில் கொடுத்தது.

இந்த வழியின் எல்லையும் தெளிவானது. தட்டு எல்லையற்ற வேகத்தில் சுழல்வதாகவே கற்பனை செய்வோம். சுழற்சிக் காத்திருப்பு சுழியமாகும், தேடலுக்கான 4.2 மில்லிவிநாடி அப்படியே நிற்கும். எக்ஸ்25-எம் சாதனத்தின் வாசிப்புத் தாமதம் 85 மைக்ரோவிநாடி என்று இன்டெல் குறிப்பிட்டது. கற்பனைத் தட்டின் தாமதம்கூட அதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. எஸ்.எஸ்.டி. தரவை வைக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் நகர வேண்டிய பொருள் ஏதும் இல்லாததே காரணம்.

வரலாற்று அளவில் இதன் பொருளை உணரலாம். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டுச் சேமிப்பகத்தில் சராசரி அணுகுநேரம் சுமார் 600 மில்லிவிநாடி. அங்கிருந்து வெலாசிராப்டரின் 7.2 மில்லிவிநாடியை எட்ட 52 ஆண்டுகள் ஆயின. முன்னேற்றம் சுமார் 83 மடங்கு. வெலாசிராப்டரிலிருந்து எக்ஸ்25-எம் வரை சுமார் 85 மடங்கு. இரண்டும் வெளிவந்தது ஒரே ஆண்டில். அரை நூற்றாண்டு இயந்திரப் பொறியியல் சேர்த்த ஆதாயத்துக்கு நிகரானதை ஊடக மாற்றம் ஒன்றே தந்துவிட்டது.

2. ராப்டர் நியாயமாக இருந்த காலம்

இதனால் ராப்டரை வாங்கியவர்கள் தவறு செய்தார்கள் என்று ஆகாது. 10,000 சுற்று வன்தட்டுகளை 1996இலேயே சீகேட் தன் சீட்டா வரிசையில் தந்திருந்தது. ஆனால் அவை வழங்கிக் கணினிகளின் ஸ்கஸி இணைப்புக்கு உரியவை. ராப்டர் அந்த வேகத்தைச் சாட்டா இணைப்பில், தனி அட்டை வேண்டாமல், வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. முதல் மாதிரியின் கொள்ளளவு 36.7 ஜிகாபைட். அதே காலத்தில் 7,200 சுற்றுத் தட்டுகள் 200 ஜிகாபைட்டைத் தாண்டியிருந்தன. இத்தனை இடத்தை இழந்தும் ஆர்வலர்கள் அதை விரும்பியதற்கு வலுவான காரணம் இருந்தது.

வழங்கியில் நூற்றுக்கணக்கான பயனரின் வேண்டுகோள்கள் ஒரே நேரத்தில் காத்திருக்கும். அங்கே பத்து மெதுவான தட்டுகளைச் சேர்த்தால் மொத்த வேலை பெருகும். ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் மேசைக் கணினியில் நிலைமை வேறு. நிரல் ஒரு கோப்பைப் படித்துப் பார்த்த பின்பே அடுத்து எந்தக் கோப்பு வேண்டும் என்பதை அறியும். வரிசையில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வேண்டுகோள்களே நிற்கும். இந்நிலையில் இரு தட்டுகளைத் தரவைப் பகிர்ந்து எழுதும் ரெய்டு 0 முறையில் இணைத்தால் பெரிய கோப்புகளின் தொடர் வாசிப்பு இரட்டிக்கும். தனியொரு சிதறிய வாசிப்பின் காத்திருப்போ குறையாது. தட்டின் வெளிவட்டத் தடங்களை மட்டும் பயன்படுத்தும் உத்தி தேடல் நேரத்தைக் குறைக்கும், சுழற்சியைத் தொடாது. பல சாதனங்களைக் கூட்டி வாங்க முடியாத ஒரே பண்டம், குறைந்த காத்திருப்பு. 2003இல் அதை நியாயமான விலையில் தந்த மேசைக் கணினிச் சாதனம் ராப்டரே.

ஆதாயத்தின் அளவையும் பார்ப்போம். ஒரு பணிக்கு 40 விநாடி ஆகிறது. அதில் 30 விநாடி வட்டுக்காகக் காத்திருப்பு, 10 விநாடி செயலியின் வேலை என்று கொள்வோம். 7.2 மில்லிவிநாடி அணுகுநேரம் உள்ள தட்டு அந்த 30 விநாடியை 16.5 ஆக்கும், மொத்தம் 26.5. மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம். இது உணரக்கூடிய முன்னேற்றம். பணம் கொடுக்கத் தகுந்ததும்கூட.

3. பைட்டுக்கு விலை, அணுகலுக்கு விலை

ஜிம் கிரே, ஜான்ஃபிராங்கோ புட்சோலு ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வட்டின் விலையைப் பைட்டுகளால் மட்டும் வகுக்காமல், அது ஒரு விநாடியில் செய்துதரும் அணுகல்களாலும் வகுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் தொடப்படும் தரவு வட்டில் இருப்பதைவிட நினைவகத்தில் இருப்பதே சிக்கனம் என்ற அவர்களின் விதி அந்த வகுத்தலில் பிறந்தது. தரவுத்தளத் துறைக்கு அடிப்படையான இந்தக் கணக்கை ஆர்வலர் கணினிக்கும் பொருத்திப் பார்ப்பது பயன் தரும்.

வெலாசிராப்டர் 2008இல் 300 ஜிகாபைட் கொள்ளளவுடன் சுமார் 300 டாலருக்கு வந்தது. 80 ஜிகாபைட் எக்ஸ்25-எம் சாதனத்துக்கு, ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குவோருக்கான விலையாக இன்டெல் அறிவித்தது 595 டாலர். 7,200 சுற்று வகையில் 1 டெராபைட் தட்டு 2009 வாக்கில் 100 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. இவற்றைப் பைட்டால் வகுத்தால் ஒரு ஜிகாபைட்டுக்கு மெதுவான தட்டில் 10 சென்ட், வெலாசிராப்டரில் 1 டாலர், எக்ஸ்25-எம்மில் 7.4 டாலர். இந்தக் கணக்கில் வெலாசிராப்டர் நடுநிலையான, நிதானமான தேர்வாகத் தோன்றும்.

இனி விநாடிக்கு ஓர் அணுகல் என்ற அலகால் வகுப்போம். மெதுவான தட்டில் ஓர் அணுகலுக்கு 1.3 டாலர். வெலாசிராப்டரில் 2.16 டாலர். எக்ஸ்25-எம், வேண்டுகோள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாலும், கோட்பாட்டளவில் விநாடிக்கு 11,000க்கு மேற்பட்ட வாசிப்புகளைத் தரும். அணுகலுக்கு 5 சென்ட். மென்பொருள், இணைப்புச் சுமைகளுக்காக அந்த எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் 10 சென்ட்தான்.

எந்தத் திறனுக்காக வெலாசிராப்டர் படைக்கப்பட்டதோ, அந்தத் திறனை மூன்றிலும் மிக அதிக விலைக்கு விற்றது அதுவே. தனியொரு வாசிப்பின் காத்திருப்பு எஸ்.எஸ்.டி. அல்லாதவற்றுள் மிகக் குறைவு என்பது மட்டுமே அதற்கு எஞ்சிய வாதம். 2009 ஜூலையில் எக்ஸ்25-எம் சாதனத்தின் இரண்டாம் தலைமுறை 34 நானோமீட்டர் ஃபிளாஷுடன் வந்து, 80 ஜிகாபைட் விலை 225 டாலராக இறங்கியபோது அந்த வாதமும் அடித்தளம் இழந்தது. கையில் 300 டாலர் வைத்திருந்த ஆர்வலரால், அதற்கும் குறைவாகக் கொடுத்து 85 மடங்குக்கும் மேல் குறைந்த காத்திருப்பைப் பெற முடிந்தது.

4. மறுப்புகள்

இந்த முடிவுக்கு அக்காலத்தில் எழுந்த மறுப்புகள் மதிக்கத்தக்கவை.

முதலாவது, தொடக்ககால எஸ்.எஸ்.டி.களின் திணறல். ஃபிளாஷில் தரவு சுமார் 4 கிலோபைட் பக்கங்களாக எழுதப்படும். அழிக்கும்போதோ சுமார் 512 கிலோபைட் தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். இந்த முரணைத் திறமையாகக் கையாளாத கட்டுப்படுத்தி, சிறு எழுத்துகள் குவியும்போது நின்றுவிடும். 2008இல் மலிவான பல சாதனங்களில் இடம்பெற்ற ஜேமைக்ரான் ஜேஎம்எஃப்602 கட்டுப்படுத்தியில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. அந்தச் சாதனங்களைவிட வெலாசிராப்டர் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் குறை கட்டுப்படுத்தியின் வடிவமைப்பில் இருந்தது; ஊடகத்தில் இல்லை. ஒரே வகை ஃபிளாஷை வைத்துக்கொண்டே எக்ஸ்25-எம் திணறாமல் இயங்கியது இதற்குச் சான்று. பயன்பாட்டால் வேகம் தளரும் சிக்கலையும், 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7இன் டிரிம் கட்டளை பெருமளவு தீர்த்தது. எந்தத் தொகுதிகளில் இருப்பது தேவையற்ற தரவு என்பதை இயங்குதளமே சாதனத்துக்குச் சொல்லத் தொடங்கியது.

இரண்டாவது, ஆயுள். ஃபிளாஷ் செல்லை அழித்து எழுதும் முறைகளுக்கு எல்லை உண்டு என்பது உண்மை. அந்த எல்லை வீட்டுப் பயன்பாட்டில் எட்டப்படுமா என்பதே கேள்வி. டெக் ரிப்போர்ட் இதழ் 2013 முதல் 2015 வரை, 240 முதல் 256 ஜிகாபைட் வரையிலான ஆறு சாதனங்களில் இடைவிடாமல் எழுதிச் சோதித்தது. அனைத்தும் 700 டெராபைட் அளவை எட்டின. நாளுக்கு 20 ஜிகாபைட் எழுதுபவர் அந்த அளவை அடைய சுமார் 96 ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது, தொடர் எழுத்து. முதல் எக்ஸ்25-எம் விநாடிக்கு 70 மெகாபைட்தான் எழுதியது. வெலாசிராப்டர் 100ஐத் தாண்டியது. காணொளித் தொகுப்பாளருக்கு இது முக்கியமே. எனினும் தொடர் எழுத்து என்பது தட்டுகளைக் கூட்டிப் பெறக்கூடிய திறன். இரண்டு மெதுவான தட்டுகள் அதைக் குறைந்த விலையில், பல மடங்கு இடத்துடன் தரும்.

நான்காவது, கொள்ளளவு. இதுவே மிக வலிமையான மறுப்பு. 80 ஜிகாபைட்டில் இயங்குதளமும் சில விளையாட்டுகளும் அடங்கும். ஒருவரின் நிழற்படங்களும் திரைப்படங்களும் அடங்கா. ஆனால் 300 ஜிகாபைட்டும் அவற்றுக்குப் போதாது. கொள்ளளவுக் குறை எஸ்.எஸ்.டி.க்கு எதிரான வாதமானால், அது வேக வன்தட்டுக்கும் எதிரான வாதமே.

5. பிரித்து வைத்தல்

இம்மறுப்புகளே விடையைக் காட்டுகின்றன. ஒரு கணினியின் தரவில் சிறு பகுதி ஓயாமல் சிதறிய முறையில் தொடப்படுகிறது: இயங்குதளம், நிரல்கள், அவற்றின் அமைவுக் கோப்புகள். பெரும்பகுதி எப்போதாவது, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே ஓட்டமாகப் படிக்கப்படுகிறது. முன்னதற்கு அணுகலின் விலையும் பின்னதற்குப் பைட்டின் விலையும் அளவுகோல். சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று, பெரிய மெதுவான வன்தட்டு ஒன்று என்ற இணை இரண்டையும் நிறைவேற்றியது. 2009க்குப் பின் ஆர்வலர் கணினிகளில் இந்த இணை பரவியது இயல்பே. 2010இல் சீகேட் வெளியிட்ட மொமெண்டஸ் எக்ஸ்டி கலப்பு வன்தட்டும், 2011இல் இன்டெல்லின் இசட்68 தளத்தில் வந்த இடைச்சேமிப்பு வசதியும் இதே பிரிவினையைத் தானியங்கியாகச் செய்ய முயன்றவை. 2012இல் வெலாசிராப்டர் 1 டெராபைட்டாக வளர்ந்தபோது, அது நிரப்ப வேண்டிய இடைவெளி ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது.

முடிவுரை

இன்று இந்தத் தேர்வு முடிந்துபோனதாகத் தோன்றலாம். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு விளையாட்டு, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்.எஸ்.டி.யைக் கட்டாயமாக்கியது. வன்தட்டு காப்புப்படிக்கும் பெருங்களஞ்சியத்துக்கும் உரியதாக நிலைத்துவிட்டது. அந்தப் பணியில் அதன் மதிப்பு குறையவில்லை.

ஆனால் அளவுகோல் பற்றிய பிழை மறையவில்லை. சாட்டா எஸ்.எஸ்.டி.யின் விநாடிக்கு 550 மெகாபைட்டிலிருந்து, அடுத்து வந்த என்விஎம்இ இணைப்புச் சாதனங்களின் 7,000 மெகாபைட் வரை தொடர் வாசிப்பு வேகம் 12 மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. தனியொரு சிதறிய வாசிப்பின் காத்திருப்போ இன்னும் பல பத்து மைக்ரோவிநாடிகளிலேயே நிற்கிறது. முன்பு சுழற்சி எண் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டதைப் போலவே இன்று தொடர் வேக எண் அச்சிடப்படுகிறது. நான்கு பிட் செல் கொண்ட மலிவுச் சாதனங்கள் சிலவற்றில், இடைச்சேமிப்பு நிரம்பிய பின் எழுதும் வேகம் வன்தட்டின் வேகத்துக்கும் கீழே இறங்குவதை அந்த எண் சொல்வதில்லை.

மேலே கண்ட 40 விநாடிப் பணியை மீண்டும் கணக்கிட்டால், எஸ்.எஸ்.டி. வந்தவுடன் வட்டுக்கான காத்திருப்பு அரை விநாடிக்கும் கீழே போய்விடுகிறது. எஞ்சும் 10 விநாடியும் செயலியுடையது. அதன் பிறகு சேமிப்பகத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் அந்த அரை விநாடிக்குள்தான் ஆதாயம் தேட முடியும். ஆகவே வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது, தம் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்பதை. சிதறிய வாசிப்புக்குக் காத்திருந்தால் எந்தத் தரமான எஸ்.எஸ்.டி.யும் போதும், பெருங்கோப்புகளை நாள்தோறும் நகர்த்துபவருக்கு மட்டுமே தொடர் வேகம் பணம் பெறும், இடத்துக்காகக் காத்திருப்பவருக்கு மெதுவான வன்தட்டே சரியான விடை. ராப்டர் காலம் நமக்கு விட்டுச் சென்றிருக்கும் பயனுள்ள அறிவு, இந்த மூன்று தேவைகளையும் ஒரே எண்ணால் அளக்கக் கூடாது என்பதே.