முதல் வகை நீரிழிவும் அன்றாட உணவுத் திட்டமும்

முதல் வகை நீரிழிவு என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே கணையத்தின் பீட்டா செல்களை அழிப்பதால் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும் நோய். உண்ணப்போகும் மாவுச்சத்தைக் கணித்து, அதற்கேற்ற இன்சுலினைப் போட்டுக்கொள்வதே இந்நோயில் உணவுத் திட்டத்தின் அடிப்படை. நியூஜெர்சி மாநிலம் சாமர்செட் கவுண்டியிலுள்ள பிரிட்ஜ்வாட்டரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சோறும் இட்லியும் தோசையும் அன்றாட உணவாக நீடிப்பதால், இக்கணக்கு சமையலறையிலேயே தொடங்குகிறது.

வரலாறு

இவ்வுணவுமுறையின் வரலாற்றில் பிரிட்ஜ்வாட்டருக்கு வடக்கேயுள்ள மாரிஸ்டவுனுக்குத் தனி இடம் உண்டு. இன்சுலின் இல்லாத 1910களில் மருத்துவர் பிரெடரிக் ஆலன் பட்டினி உணவுமுறையை வகுத்தார். சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை நோயாளி பட்டினி கிடப்பார். பின்னர் மிகக் குறைந்த உணவே தரப்படும். காய்கறிகளைக்கூட மும்முறை வேகவைத்து, நீரை வடித்து, மாவுச்சத்தை நீக்கியே கொடுத்தனர். 1920களின் தொடக்கத்தில் ஆலன் மாரிஸ்டவுனில் தனிச் சிகிச்சை நிலையம் நடத்தினார். அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் அவரிடம் சிகிச்சை பெற்றவர். 1922 ஆகஸ்டில் இன்சுலின் பெற டொராண்டோவுக்கு, அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான மருத்துவர் பாண்டிங்கிடம் சென்றபோது அச்சிறுமியின் எடை ஏறத்தாழ 20 கிலோதான். இன்சுலினால் மீண்ட அவர் 1981 வரை வாழ்ந்தார். ஆலனின் முறை கடுமையானது. ஆயினும் மருந்து வரும்வரை சில சிறார்களின் உயிரைக் காத்தது.

1946இல் உருவாக்கப்பட்ட, மெதுவாகச் செயல்படும் என்.பி.எச். இன்சுலின், ஊசிக்கேற்ற நேரத்தில் உண்ணும் கட்டாயத்தை ஏற்படுத்தியது. ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை உண்ண உதவும் உணவுப் பட்டியல் 1950இல் வெளியானது. 1,441 பேரிடம் நடந்த பெரும் ஆய்வொன்று, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகப் பாதிப்புகள் வெகுவாகக் குறையும் என்று 1993இல் நிறுவியது. 2000இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற லாண்டஸ், நாள் முழுவதும் சீராகச் செயல்படும் இன்சுலின். இதனுடன் சாப்பாட்டு நேரத்து ஊசியும் சேர்ந்தபின் விரும்பிய நேரத்தில் உண்ண முடிந்தது. லாண்டஸை விற்கும் சனோஃபியின் அமெரிக்கத் தலைமையகம் பல ஆண்டுகள் பிரிட்ஜ்வாட்டரில் இயங்கியது.

கணக்கிடும் முறை

அமெரிக்க அளவில் ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து உண்டு. நடுத்தர இட்லி ஒன்றுக்கு 12 கிராம் என்று கொண்டால் மூன்று இட்லிக்கு 36 கிராம். சாம்பாருக்கு 9 கிராம் சேர்த்தால் 45. 15 கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்ற விகிதம் உடையவருக்கு 3 யூனிட் தேவை. இவ்விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். மருத்துவரே அதை வரையறுக்க வேண்டும். பூரி, வடை போன்ற எண்ணெய்ப் பண்டங்களில் கொழுப்பு செரிமானத்தைத் தாமதிப்பதால், சர்க்கரை சில மணி நேரம் கழித்தும் ஏறும். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயில் உணவகத்துப் பண்டங்களில் அளவுச்சீட்டு இராது என்பதால் கண்ணளவே துணை. சோற்றை அறவே விலக்கும் உணவுமுறை வளரும் குழந்தைகளுக்கு ஏற்றதன்று. அளந்து பரிமாறுவதே சரியான வழி.

இன்றைய நிலை

தொடர் குளுக்கோஸ் உணர்கருவியும் அதனுடன் இணைந்த இன்சுலின் பம்பும் இப்போது பரவலாகியுள்ளன.

இக்கருவிகள் இருந்தாலும், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் மாவுச்சத்து தரும் அளவு குளுக்கோஸ் அல்லது பழச்சாறு கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.