முத்துசாமி குடும்பப் பெயரான கதை

எர்னெஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் குவாதலூப் தீவின் உறுப்பினராக இருந்தவர். சாமுவேல் முத்துசாமி 1996இல் பாரிஸில் பிறந்து, தாய்வழி நாடான காங்கோ ஜனநாயகக் குடியரசுக்காக ஆடும் கால்பந்து வீரர். அவருடைய தந்தை குவாதலூப்பைச் சேர்ந்த தமிழ் வம்சாவளியினர். செனுரன் முத்துசாமி டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர். அவருடைய முன்னோர் நாகப்பட்டினத்துக்காரர்கள். மூன்று கண்டங்களில் மூவருக்கும் ஒரே குடும்பப் பெயர். அதனால் மூவருக்கும் ஒரே பாட்டனார் இருந்திருக்க வேண்டும் என்று கருதத் தேவையில்லை. இந்தப் பெயர் இப்படிப் பரவியதற்கு உறவுமுறையை விடப் பதிவேடுகளே பெரிய காரணம் என்பது என் கருத்து. காவிரி டெல்டாவின் கடற்கரையில் புழங்கிய ஓர் ஆள் பெயரை எந்த அரசின் எழுத்தர் எந்த விதிப்படி எழுதினார் என்பதே, அது இன்று எந்த நாட்டில், எந்த எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயராக வாழ்கிறது என்பதைத் தீர்மானித்திருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்கக் காரைக்காலைப் போல வசதியான ஊர் வேறில்லை.

தமிழர் வழக்கில் குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாக இருந்ததில்லை. ராமசாமியின் மகன் முத்துசாமி, முத்துசாமியின் மகன் கோவிந்தசாமி என்று தலைமுறைக்குத் தலைமுறை பெயர் நகர்ந்துகொண்டே போகும். தகப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாக ஒட்டும், பேரனிடம் அதுவும் போய்விடும். இதை நம்முடைய தனி விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் 1066இல் நார்மானியர் வருவதற்கு முன்பு பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான். வரி, நிலம், வாரிசு என்று எழுத்து வேலை பெருகப் பெருக, ஜானின் மகன் ஜான்சன் என்றும் வில்லியமின் மகன் வில்லியம்சன் என்றும் எழுதப்பட்டது. பிறகு அந்த மகனுடைய மகனும், ஜானையே அறியாத கொள்ளுப்பேரனும் ஜான்சன் ஆனார்கள். 1538இல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். பிரான்ஸில் அடுத்த ஆண்டே, 1539இல், வில்லேர்-கொத்ரே அரசாணை ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியது. நகர்ந்துகொண்டிருந்த தகப்பன் பெயரை ஏடு ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எடுத்த இந்த மாற்றம், காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்களுக்கு ஒரே தலைமுறையில் நடந்து முடிந்தது.

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. சுற்றிலும் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா, கிழக்கே கடல், கப்பலுக்கு ஆள் ஏற்ற அரசலாற்று முகத்துவாரம். 1848 ஏப்ரல் 27ஆம் தேதி பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடி இந்தக் கரைக்கு வந்தார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24ஆம் தேதி குவாதலூப்பிலும் முதல் இந்தியர்களை இறக்கியது. 1880களின் இறுதிக்குள் குவாதலூப்புக்கு நாற்பதாயிரத்துக்கும் மேலானோர், மார்த்தினிக்குக்கு இருபத்தையாயிரத்துக்கும் மேலானோர், இந்தியப் பெருங்கடலின் ரெயூனியோன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலானோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் தமிழரல்லர், எல்லோரும் காரைக்காலில் ஏறியவர்களும் அல்லர். ஆனால் புதுச்சேரியும் காரைக்காலும் இந்தப் போக்குவரத்தின் முக்கியத் துறைகள்.

கப்பலை விட்டு இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண் கிடைத்தது. குடியேறியோர் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், பெற்றோர் பெயர், வயது, சாதி, பிறந்த ஊர், வந்த கப்பல் எல்லாம் ஏறின. எழுதியவர் பிரெஞ்சுக்காரர். அவர் காதில் விழுந்தது ‘முத்துசாமி’. பிரெஞ்சில் உகர ஓசைக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போட வேண்டும். இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஒற்றை எஸ் நின்றால் அது இசட் ஓசை பெற்றுவிடும் என்பதால் எஸ் இரட்டிக்க வேண்டும். இகரத்துக்குக் கடைசியில் ஒய் வந்தது. ஆக முத்துசாமி ரோமன் எழுத்தில் பதினொரு எழுத்துகளாக நீண்டார். ராமசாமிக்கும் வீராசாமிக்கும் இதே இரட்டை எஸ்தான். சிதம்பரம் என்ற பெயரின் கடைசி அகரம் ஒகரமாகி ‘சிதம்பரோம்’ ஆனது. இப்படிப் பதிவான ஒருவருக்கு அங்கே பிள்ளை பிறந்தபோது பிறப்புப் பதிவேட்டில் பிள்ளைக்கு எர்னெஸ்ட், ஹென்றி போன்ற ஞானஸ்நானப் பெயர் ஒரு கட்டத்திலும், தகப்பனின் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்திலும் ஏறின. அதற்குப் பிறகு அது நகரவே இல்லை. தமிழ் முறைப்படி நடந்த திருமணம் அரசுப் பதிவில் ஏறாதபோது பிள்ளை தாயின் பெயரில் பதியப்பட்டதும் உண்டு. மீனாட்சி என்ற பெண் பெயர் இன்று அந்தத் தீவுகளில் ஆண்களும் தாங்கும் குடும்பப் பெயராக இருப்பதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

இப்போது காரைக்காலிலிருந்து இருபது கிலோமீட்டர் தெற்கே வாருங்கள். நாகப்பட்டினம் ஆங்கிலேயர் ஊர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சம் இந்தியர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். அங்கே எழுதியவர் ஆங்கிலேயர். அவர் கணக்கில் முத்துசாமிக்கு ஒன்பது எழுத்துகள் போதும், எஸ் ஒன்றுதான். செனுரன் முத்துசாமியின் சட்டையில் இருப்பது அந்த ஒன்பது எழுத்து. இதே கடற்கரையிலிருந்து மலாயாவுக்குப் போனவர்களுக்கு மூன்றாவது வகை நேர்ந்தது. அங்குள்ள பதிவுமுறை குடும்பப் பெயர் கேட்கவில்லை, தகப்பன் பெயரைத்தான் கேட்டது. ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்ற குறிகளோடு, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று மலேசியத் தமிழர் இன்றும் எழுதுகிறார்கள். அங்கே முத்துசாமி மகனுக்குத் தகப்பன் பெயராகிறார், பேரனிடம் மறைகிறார். ஆள் ஒன்று, கரை ஒன்று, காலம் ஏறக்குறைய ஒன்று. மாறியது ஏடு மட்டுமே. விளைவு மூன்றும் மூன்று விதம்.

இதை விடவும் வலுவான சான்று காரைக்கால் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணை, பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. இப்படி வந்தவர்களை ரெனோன்சான்கள் என்பார்கள். அவர்கள் துறப்புப் பத்திரத்திலேயே தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுத வேண்டும் என்பது ஆணையின் நிபந்தனை. சிலர் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்துக்குள் காலணி அணிந்து சென்றதற்காக 1873இல் வழக்காட மறுக்கப்பட்டு, பிரான்ஸ் வரை போய் வென்ற புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாப்போர்த் ஆனார். வேறு பலர் தங்கள் தமிழ்ப் பெயரையோ தகப்பன் பெயரையோ அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். அதனால் ஒரே தெருவில், ஒரே சாதியில், கொண்டு கொடுத்த இரண்டு குடும்பங்களில், மேரியின் (நகராட்சியின்) எத்தா சிவில் எனும் குடிமைப் பதிவில் ஏறிய குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரே பெயரைத் தாங்குகிறது. ஏறாத குடும்பம் தலைமுறைதோறும் முன்னெழுத்தை மாற்றிக்கொண்டு வருகிறது. இவர்களுக்குள் இன வேறுபாடு இல்லை, ஊர் வேறுபாடு இல்லை. இருப்பது ஒரு பத்திரத்தின் வேறுபாடு.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது: பெயர் ஒன்றாக இருந்தால் எங்கோ ஓர் உறவு இருக்கத்தானே வேண்டும்? தேவையில்லை. முத்துசாமி அன்று ஊருக்குப் பலர் தாங்கிய பெயர். தனித்தனி ஊர், தனித்தனிச் சாதி, தனித்தனிக் கப்பல் என்று வந்த முத்துசாமிகள் ஒவ்வொருவரும் ஒரு புதுக் குடும்பத்தின் தலைவரானார்கள். எல்லா ஜான்சன்களும் ஒரே ஜானின் வாரிசுகள் அல்லர் என்பதை ஆங்கிலேயர் எப்போதோ ஏற்றுக்கொண்டார்கள். மேலும், காரைக்காலில் ஏறியவர்களில் பெரும்பாலோர் காரைக்காலில் பிறந்தவர்களும் அல்லர். அந்தச் சிறிய ஊர் அவ்வளவு ஆட்களைத் தந்திருக்க முடியாது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி போன்ற ஆங்கில ஜில்லாக்களிலிருந்து அவர்கள் எல்லை தாண்டி அழைத்து வரப்பட்டார்கள். தங்கள் குடிமக்கள் இப்படிக் கொண்டுபோகப்படுவதை ஆங்கிலேயர் ஆட்சேபித்ததால்தான் 1860, 1861ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. ஆகவே குடும்பப் பெயரை மட்டும் வைத்துச் சொந்த ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புவது வீண்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இந்தப் பெயர்கள் காலனி ஆட்சி சிதைத்த பெயர்கள், இவற்றைக் கொண்டாடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது, ஆனால் அது வேறிடத்தைக் குறிவைக்க வேண்டும். எழுத்துக்கூட்டலில் பெரும்பகுதி சிதைவு இல்லை. பிரெஞ்சு விதி தெரிந்தவர் படித்தால் நம் ஓசை ஏறக்குறைய அப்படியே திரும்பக் கிடைக்கும். கப்பலேறிய தமிழர்களுக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1848இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க அடிமைகளுக்கு, அதிகாரிகள் தம் விருப்பப்படி புதிய குடும்பப் பெயர்களை உண்டாக்கிக் கொடுத்தார்கள். தமிழர் கொண்டுபோன பெயரோ பிழைத்தது. பறிபோனது ஊரும் மொழியும் உரிமையும். குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியரின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து 1904இல் தொடங்கிய போராட்டம் 1923 வரை நீண்டது. அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுத அரசுக்குச் சிரமம் இருக்கவில்லை. அதே பெயரைக் குடிமகனின் பெயராக ஒப்புக்கொள்ளத்தான் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அநீதி நடந்த இடம் அது.

மூன்றாவதாக, பெயர் தமிழ் என்றால் ஆள் தமிழர், பெயர் பிரெஞ்சு என்றால் அயலார் என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. மேலே சொன்ன சான்றுகளே இதற்குப் போதும். காரைக்காலில் பிரெஞ்சுப் பெயர் கொண்ட குடும்பம் வீட்டில் தமிழ் பேசுகிறது. தீவுகளில் தமிழ்ப் பெயர் கொண்ட பலர் கிரியோல் பேசுகிறார்கள். சாமுவேல் முத்துசாமியின் பெயர் தகப்பன் வழியைச் சொல்கிறது, அவர் அணியும் சட்டையோ தாய் வழியைச் சொல்கிறது. குடும்பப் பெயர் பல வேர்களில் ஒன்றை மட்டும் காட்டும். மற்ற வேர்களை அது மறைக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்றைய பரவலில் இரண்டு அலைகள் உள்ளன. 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படித் தேர்ந்தவர்களும், ஏற்கெனவே இந்தோசீனாவிலும் பிரெஞ்சுப் படையிலும் வேலை பார்த்து ‘சொல்தா’ (படைவீரர்) பென்ஷன் வாங்கிய குடும்பங்களும் பாரிஸ் புறநகர்களில் குடியேறின. அதே காலத்தில், 1963 முதல் 1981 வரை, பிரெஞ்சு அரசே ஓர் அமைப்பை வைத்துக் குவாதலூப், மார்த்தினிக், ரெயூனியோன் மக்களைப் பிரான்ஸுக்கு வேலைக்கு அழைத்தது. ஒரே கரையிலிருந்து ஒரு நூற்றாண்டு இடைவெளியில் புறப்பட்ட பெயர்கள் இன்று ஒரே புறநகர்த் தொலைபேசிப் பட்டியலில் அருகருகே நிற்கின்றன. ஒன்று கரும்புத் தோட்டம் சுற்றி வந்தது, மற்றொன்று பத்திரத்தோடு நேராக வந்தது.

தீவுகளுக்குப் போனவர்களின் பதிவேடுகள் ரெயூனியோனின் சேன்-தெனியிலும், குவாதலூப்பின் கூர்பெயரிலும், பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. அங்கிருந்து வேர் தேடி வருபவர் கையில் ஒரு கப்பல் பெயரும், பிரெஞ்சில் எழுதிய ஓர் ஊர்ப் பெயரும் இருக்கும். அதைப் பொருத்திப் பார்க்க இந்தப் பக்கத்துக் காகிதங்கள் வேண்டும். காரைக்கால், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய துறப்புப் பத்திரமோ, நோத்தேர் (பிரெஞ்சுப் பத்திர அதிகாரி) எழுதிய கிரயமோ, பிரெஞ்சில் எழுதிய பிறப்புச் சான்றோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து, அதில் உள்ள பெயர்களைத் தமிழில் எழுதி, இன்னார் இன்னாருக்கு என்ன உறவு என்று குறித்து வையுங்கள். பெயரை நிறுத்திவைத்தது ஏடு என்றால், அந்தப் பெயருக்குரிய மனிதரைக் கண்டுபிடிப்பதும் ஏட்டால்தான் முடியும்.

(தொடரும்)