காட்டுத்தீயும் காவல்தீயும்



நான் கீழ்வேளூரைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, காடும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வயலும் வரப்பும் வாய்க்காலுமே காட்சி தரும். அத்தகைய ஊரில் வாழ்ந்து, பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் காட்டுத்தீயைப் பற்றிப் பேச வருவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, தண்ணீர். முதுமலைக் காட்டின் ஊடே மாயாறு ஓடுகிறது. அது பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. ஆகவே எங்கள் வயலுக்கு வந்து சேரும் நீரில் ஒரு பங்கு அந்தக் காட்டின் கொடை. காடு கருகினால் மண் அரிக்கும். மண் அரித்தால் ஆறு கெடும். இரண்டாவது, தீ. எங்கள் ஊரை அடுத்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் தீக்கு இரையாயினர். எனவே தீ என்ற சொல்லையும் கூலி என்ற சொல்லையும் எளிதாகச் சொல்லிக் கடந்துபோக எங்களால் இயலாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு முதுமலைக்குச் சுற்றுலா சென்றேன். சாலை வளைவு ஒன்றைக் கடந்ததும் பேருந்துக்குள் கூக்குரல் எழுந்தது. “சார், காடு எரியுது!” என்றான் ஒரு பையன். சாலையோரமாகப் புல் எரிந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பச்சைத் தழைக் கொத்துகளைக் கையில் ஏந்தி அதன் அருகே நின்றனர். அவர்கள் தீயை அணைக்கவில்லை. மேய்த்துக்கொண்டிருந்தனர் என்றே சொல்ல வேண்டும். அது எல்லை மீறும் இடத்தில் மட்டும் தழையால் அடித்தார்கள். மற்ற இடங்களில் எரியவிட்டார்கள்.

நான் இறங்கிச் சென்று அவர்களுள் மூத்தவரிடம் வினவினேன். அவர் அம்மலையின் பழங்குடியைச் சேர்ந்தவர். “இப்ப நாங்க கொஞ்சம் எரிக்கலைன்னா, மாசி பங்குனியிலே அது எல்லாத்தையும் எரிச்சுப்புடும் சார்” என்றார். மழைக்காலத்தில் என்ன வேலை என்று கேட்டேன். “மழை விழுந்தா இந்த வேலை ஏது? அப்புறம் கிடைச்ச வேலைதான்” என்று சொல்லிவிட்டுத் தீயின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த விடை என்னை நாணச் செய்தது. என்னை? மலைவாழ் மக்கள் அறியாமையால் காட்டைக் கொளுத்தி அழித்தார்கள் என்றும், அரசாங்கம் வந்து அதனைக் காத்தது என்றும் அதுவரை வகுப்பில் நான் கற்பித்து வந்தேன். ஊர் திரும்பியபின் இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

முதலில் அவர்கள் செய்த வேலை யாது என்பதைப் பார்ப்போம். கோடையில் புல்லும் சருகும் உலர்ந்து கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் காற்று அதனைப் பல கல் தூரம் கொண்டு செல்லும். தின்பதற்கு ஏதும் இல்லாத இடத்தில் தீ நின்றுவிடும் அல்லவா? ஆகவே கோடை தொடங்கும் முன்பே, காட்டின் எல்லையிலும் சாலையோரத்திலும் ஒரு நீண்ட பட்டையில் புல்லை வெட்டி, காயவிட்டு, தாமே எரித்து விடுகிறார்கள். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். காற்று அடங்கி ஈரம் மிகுந்த வேளை பார்த்துக் கொளுத்துவார்கள். காற்று வீசும் திசைக்கு எதிராகத் தீயை நடத்தினால் அது மெல்ல ஊர்ந்து செல்லும், சுடர் தாழ்ந்திருக்கும், பெரிய மரத்தின் பட்டையைத் தாண்டி உயிரைத் தொடாது. இவ்வளவும் ஏட்டில் எழுதி வைத்துக் கற்பதன்று. புல்லைக் கையால் கசக்கிப் பார்த்து, காற்றை முகத்தால் உணர்ந்து கற்பது.

இனி வரலாற்றுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856 இல் தோன்றியது. ஹியூ கிளெகார்ன் என்ற மருத்துவர் அதன் முதல் தலைவரானார். கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் தேவைப்பட்ட காலம் அது. மலைமக்கள் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் முறை மரச்செல்வத்துக்குக் கேடு என்று அவர் கருதினார். 1860 இல் அம்முறை தடுக்கப்பட்டது. 1864 இல் இந்தியா முழுமைக்குமான வனத்துறைக்கு டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் தலைமை ஏற்றார். அதே காலத்தில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீயை முற்றிலும் விலக்கும் முயற்சி தொடங்கியது. 1882 இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காட்டில் தீ வைத்தல் குற்றமாயிற்று. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில் ஒரு சட்டத்தால் குற்றமாக மாறியது.

ஆயின் காடு சட்டப் புத்தகத்தைப் படிப்பதில்லை. பர்மாவின் தேக்குக் காடுகளில் பல ஆண்டுகள் தீயைத் தடுத்தபின் ஒரு விந்தை நிகழ்ந்தது. மூங்கிலும் புதரும் நெருங்கி வளர்ந்தன, தேக்கங்கன்று அருகியது. தேக்கின் விதை தடித்த ஓடு உடையது. அது முளைக்க வெப்பமும், கன்று வளர வெளிச்சமும் வேண்டும். இரண்டையும் தந்தது தீ. 1896 இல் ஸ்லேடு என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று துறையின் இதழிலேயே எழுதினார். வங்காளத்திலும் அசாமிலும் சால மரக்காடுகளில் இதே கதை நிகழ்ந்தது. நெடிய வாதங்களுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்காடுகளில் அளவறிந்து எரிக்கும் முறையை வனத்துறையே மேற்கொண்டது. நேற்று குற்றமென்று தண்டித்ததை இன்று கூலி கொடுத்துச் செய்வித்தது!

பிற நாடுகளும் இப்பாடத்தை இவ்வாறே கற்றன. அமெரிக்காவில் 1910 இல் பெருந்தீ எழுந்து பேரழிவு செய்தது. அதன் அச்சத்தால், எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935 இல் விதி செய்தார்கள். சருகு ஆண்டுக்காண்டு குவிந்தது. 1968 இல் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை தன் கொள்கையை மாற்றிக்கொண்டது.

நம் அருகிலும் ஒரு சான்று உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் வாழ்கின்றனர். கோடையின் தொடக்கத்தில் தரையோடு தரையாகச் சருகை எரிப்பது அவர்களது வழக்கம். 1974 இல் அம்மலை சரணாலயமானது, எரிப்பு நின்றது. அதன்பின் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்பது அவர்களது முறையீடு. அயல்நாட்டிலிருந்து வந்த இச்செடி பரவியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் அவர்களது சொல்லை ஆராய்ச்சியாளர்கள் இன்று கவனித்துக் கேட்கிறார்கள்.

இதனால் தீ எப்போதும் நன்மையே செய்யும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீலகிரியின் சோலைக்காடு தீயைத் தாங்காது. இலையுதிர்க் காட்டிலும் ஆண்டுதோறும் ஒரே இடம் எரிந்தால் இளங்கன்று மரமாகாது. கோடை முற்றியபின் எழும் தீ கொலைத்தீயே. 2018 மார்ச் 11 ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களை அது சூழ்ந்தது. 23 உயிர்கள் மாண்டன. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்துக் கொற்றம்பத்தூரில், தீயை அணைக்கச் சென்ற வனக்காவல் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். தழைக் கொத்தை ஏந்தி நிற்கும் கைகளுக்கு இந்த ஆபத்து ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

ஆகவே நான் உங்கள் முன் வைக்க விரும்பும் செய்தி ஒன்றே. எங்கள் ஊரில் நாற்று நடும் கைகளுக்கும் கதிர் அறுக்கும் கைகளுக்கும் சில மாதங்களே வேலை. எஞ்சிய மாதங்களில் அடுப்பு எரிவது அரிது. காட்டில் தீக்காவல் செய்யும் கைகளின் நிலையும் அதுவே. வேலை பருவத்துக்கு உரியது. வயிறோ ஆண்டு முழுவதுக்கும் உரியது. கிளெகார்னின் பெயரும் பிராண்டிஸின் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. தீயை நடத்தத் தெரிந்தவர்களின் பெயர் எந்நூலிலும் இல்லை. நானும் அன்று அப்பெரியவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வரலாற்று ஆசிரியனாக இருந்தும் அத்தவற்றைச் செய்தேன்.

நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். மலைநாட்டுக்குச் சுற்றுலா செல்லும்போது அணையாத தீக்குச்சியை எறியாதிருங்கள். கோடையில் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையாதிருங்கள். தீத்தடுப்புக் கோடு போடும் தொழிலாளரைக் கண்டால் நின்று பேசுங்கள். அவர் பெயரையும், எத்தனை மாதம் அவருக்கு வேலை என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஊர் ஆற்றில் அடுத்த முறை தண்ணீர் வரும்போது அந்த ஏட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.