களிமண் வெடிப்பும் சுண்ணாம்புச் சீராக்கமும்: லவால்

சுண்ணாம்புச் சீராக்கம் என்பது களிமண்ணில் சுட்ட சுண்ணாம்பையோ நீற்றிய சுண்ணாம்பையோ கலந்து, அது உப்புவதையும் காய்ந்து வெடிப்பதையும் குறைக்கும் முறையாகும். கனடாவின் மான்ட்ரியாலுக்கு வடக்கே ஜெசு தீவில் அமைந்த லவால் நகரம், களிமண் சுருக்கம் வீடுகளைப் பாதிக்கும் வட்டாரத்தைச் சேர்ந்தது.

மண்ணின் இயல்பு

ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்படலம் பின்வாங்கிய நிலத்தில் சாம்ப்ளேன் கடல் புகுந்தது. அது படியவிட்ட களிமண் தீவின் பல பகுதிகளில் சுண்ணாம்புப் பாறைக்கு மேல் கிடக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டின் கோவில்பட்டிக் கரிசலில் ஸ்மெக்டைட் கனிமம் மிகுதி. ஆகவே அது மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும். ஆனால் சாம்ப்ளேன் களிமண்ணில் இல்லைட், குளோரைட், பாறைத்தூள் ஆகியவையே அதிகம். இங்கே உப்புதலைவிடச் சுருக்கமே பெருந்தொல்லை. ஒருமுறை நன்கு காய்ந்துவிட்டால், மீண்டும் நனைந்தாலும் பழைய பருமனை முழுமையாக எட்டாது.

வறண்ட கோடையில் வெள்ளி மேப்பிள், பாப்லர், வில்லோ மரங்களின் வேர்கள் ஈரத்தை உறிஞ்சும்போது அஸ்திவாரத்தின் ஒரு மூலை இறங்கும். செங்கல் சுவரில் சாந்து இணைப்புகளைப் பற்றிக்கொண்டு படிக்கட்டு வடிவில் விரிசல் ஏறும். ஒட்டாவாவில் எல்ம் மரங்களை ஒட்டி இதே வகைக் களிமண் இறங்குவதை அளந்து, ஆய்வாளர்களான போசோசுக், பர்ன் இருவரும் 1960இல் வெளியிட்டனர்.

செயல்படும் விதம்

சுண்ணாம்பின் கால்சியம் அயனிகள் களித்துகள்களின் மேற்பரப்பிலுள்ள சோடியம் போன்றவற்றை அகற்றி அங்கே அமர்கின்றன. துகள்கள் திரண்டு மண் பொலபொலப்பாகிறது. நெகிழ்மை குறைகிறது, சுருக்க எல்லை (காயும் மண் சுருங்குவது நிற்கும் ஈர அளவு) உயர்கிறது. இது சில மணி நேரத்திலேயே தொடங்கும். கார எண் (pH) 12.4 அளவில் நிலைத்தால் களியின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சிமென்ட்டில் உள்ளவை போன்ற பிணைப்புச் சேர்மங்கள் வாரக்கணக்கில் உருவாகும். சுருக்கம் குறைவதாலும் இழுவலிமை கூடுவதாலும் வெடிப்பு குறைகிறது.

வழக்கமான அளவு, உலர்மண் எடையில் 3 முதல் 8 விழுக்காடு. தேவைக்கு மிஞ்சிய சுண்ணாம்பு வலிமையைக் குறைக்கவும் கூடும். கியூபெக்கின் களிமண் சுட்ட சுண்ணாம்பால் உறுதிபெறுவதை கியூபெக் நகரிலுள்ள லவால் பல்கலைக்கழகத்தின் ழாக் லொக்கா குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

வரம்புகள்

குளிரில் பிணைப்பு வினை ஏறத்தாழ நின்றுவிடுவதால், கியூபெக்கில் உறைபனிக்கு வெகு முன்பே பணியை முடிப்பது அவசியம். சல்பேட் மிகுந்த மண்ணில் சுண்ணாம்பைச் சேர்த்தால் எட்ரிங்கைட் படிகம் வளர்ந்து தரையையே தூக்கும். லாஸ் வேகஸின் ஸ்டூவர்ட் அவென்யூ சாலை இவ்வாறே சிதைந்தது.

சுண்ணாம்பு மண்ணோடு முழுமையாகக் கலந்தால்தான் பலன் தரும். ஆகவே இம்முறை சாலைப் படுகைக்கும், கட்டுவதற்கு முன் மனையைத் தயார்செய்வதற்கும் ஏற்றது. கட்டி முடித்த வீட்டின் அடியில் சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்தினால், இறுகிய களிக்குள் அது அதிக தூரம் ஊடுருவாது. அத்தகைய வீடுகளுக்கு, உறுதியான அடிப்படுகை வரை இறக்கிய எஃகுத் தூண்களால் அஸ்திவாரத்தைத் தாங்குவதே நம்பத்தக்க வழி.