பத்தியத்தின் வரலாறு: புத்தூர் வட்டாரமும் நாட்பட்ட குடல் நோயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில், செம்மண் தோட்டங்களும் சுண்ணக்கற் பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகளும் சூழ அமைந்த புத்தூர், வற்றாத நிலாவரைக் கிணற்றால் பரவலாக அறியப்பட்டது. மருத்துவ வரலாற்றை நோக்குவோருக்கு இவ்வூர் வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. உணவுப் பொருள்களின் குணத்தைப் பாடிய நூலாசிரியரின் இருபாலை, ஈழத்து வைத்தியச் சுவடிகள் அச்சேறக் காரணமான ஏழாலை, சித்த மருத்துவம் போதிக்கப்படும் கைதடி ஆகிய மூன்று ஊர்களும் இதன் அயலிலேயே இருக்கின்றன. இந்த வட்டாரத்தின் வைத்திய மரபு நாட்பட்ட குடல் நோயை எதிர்கொண்ட முறையை ஆராய்ந்தால், மருந்துக்கு இணையாக, சில வேளைகளில் மருந்துக்கும் மேலாக, உணவொழுங்கு அங்கே மதிக்கப்பட்டது தெளிவாகும்.

இன்று மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகக் குறிக்கும் குடல் எரிச்சல் நோய்த்தொகுதி, குடலில் புண்ணோ கட்டியோ காணப்படாத நிலையிலும் வயிற்றுவலி, பொருமல், வயிற்றோட்டம், மலச்சிக்கல் ஆகியவை மாறி மாறி வந்து ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் கோளாறாகும். இந்நோயை இனங்காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான நான்காம் ரோம் வரையறையின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளேனும் வயிற்றுவலி இருக்க வேண்டும்; மலங்கழித்தலோடு தொடர்பு, மலம் போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் அவ்வலியோடு சேர்ந்திருக்க வேண்டும். குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு பிறழ்வதே இதன் அடிப்படை என்று கருதப்படுவதால், மனக்கவலையும் உறக்கக் கேடும் இந்நோயைக் கூட்டுவது வியப்பன்று.

இந்த வரையறை புதியது, வேதனை பழையது. ஆரியச்சக்கரவர்த்தி மன்னர்கள் மாறி மாறிச் சூடிய செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய இரு வைத்திய நூல்கள் யாழ்ப்பாண அரசின் மருத்துவ அறிவுக்குச் சான்றாக நிற்கின்றன. அவற்றுள் விரிவானதான பரராசசேகரம், வயிற்றோட்டமாகிய அதிசாரத்தையும், உண்டது செமியாமல் மலம் ஒருகால் இளகியும் ஒருகால் இறுகியும் கழியும் கிரகணியையும் வெவ்வேறு நோய்களாக வகுக்கிறது. கிரகணி என்ற வகுப்புக்குள் இன்று வேறு பெயர் பெறும் பல நோய்களும் அடங்கியிருக்கக் கூடுமாதலால், அதனை ஐ.பி.எஸ். உடன் முற்றாக ஒன்றாக்குவது பொருந்தாது. ஆயினும், செமிபாட்டுத் தீ குன்றுவதே மூலகாரணம் என்றும், அத்தீயை மெல்ல வளர்க்கும் உணவே முதல் சிகிச்சை என்றும் கொண்ட பார்வை, நோயாளியின் அன்றாட வாழ்வையே மருத்துவத்தின் களமாக்கியது.

இப்பார்வையை அடுக்களைவரை கொண்டு சென்றது இருபாலைச் செட்டியார் இயற்றிய பதார்த்த சூடாமணி. காய், கீரை, பழம், மீன், இறைச்சி என நாளும் உண்ணப்படும் பொருள் எது வாதத்தைக் கூட்டும், எது பித்தத்தைத் தணிக்கும் என்று செய்யுள் வடிவில் கூறும் இந்நூல், மனனம் செய்து பயன்படுத்துவதற்கு ஏற்றதாக அமைந்தது. பரியாரி என்று மக்கள் அழைத்த பரம்பரை வைத்தியர், குளிகையோ சூரணமோ கொடுக்கும்போது, கொள்ளத்தக்க உணவும் தள்ளத்தக்க உணவும் இவையென்று வரையறுத்துச் சொல்வது வழக்கம். அவ்வாறு வரையறுக்கப்பட்ட ஒழுங்கே பத்தியம். பத்தியக் கறியில் செத்தல் மிளகாய் சேர்வதில்லை. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி ஆகியவையே அரைத்துச் சேர்க்கப்படும். அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய் போர்த்துக்கேயர் வழியே ஆசியாவுக்கு வந்து பின்னர் யாழ்ப்பாணச் சமையலை ஆட்கொண்டதை எண்ணினால், நோயாளிக்கென ஒதுக்கிய இச்சமையல் 1619இல் வீழ்ந்த அரசின் காலத்துச் சுவையையே பேணி வந்திருக்கிறது எனலாம். மிளகாயின் காரப்பொருள் குடலின் நரம்பு முனைகளைத் தூண்டி வலியெழுப்புவதை இன்றைய ஆய்வுகள் காட்டுவதால், அந்த விலக்கு உடலியல் அடிப்படையும் உடையதாகிறது.

பத்தியத்தோடு வேறு சில எளிய முறைகளும் வழங்கின. உணவை ஒரு வேளையோ இரு வேளையோ நிறுத்திக் குடலுக்கு ஓய்வளிக்கும் இலங்கணம், நன்கு கடைந்து வெண்ணெய் நீக்கிய மோர், மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர், பொருமலுக்கு ஓமம், கழிச்சலுக்கு மாதுளம் பழத்தோலும் முற்றாத வில்வக்காயும், மலச்சிக்கலுக்குக் கடுக்காய், உடற்சூட்டைத் தணிக்க எண்ணெய் முழுக்கு என அவை நீளும். கிரகணிக்கு மோர் சிறந்தது என்ற கருத்து வடமொழிச் சரக சங்கிதையிலும் காணப்படுவதால், யாழ்ப்பாண மரபு பரந்த இந்திய வைத்திய அறிவோடு உறவாடி வளர்ந்ததென்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை மருத்துவம் குடாநாட்டில் வேரூன்றியது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, 1864 முதல் தமிழிலேயே கற்பித்து, வைத்தியாகரம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். புத்தூரிலும் மெதடிஸ்த மிஷனின் சென் லூக்ஸ் வைத்தியசாலை எழுந்தது. வாந்திபேதியும் வயிற்றுளைவும் உயிர்களைக் கொண்டுபோன அக்காலத்தில், தூய நீரையும் சுத்தத்தையும் வலியுறுத்திய இம்மருத்துவத்தின் பயன் பெரிது. குடல் தொற்று தீர்ந்த பின்னரும் சிலருக்கு நாட்பட்ட குடற்கோளாறு எஞ்சுவதை 1962இல் ஒக்ஸ்போர்ட் மருத்துவர்களான சௌத்ரியும் துரூலவ்வும் பதிவு செய்ததை நோக்க, தொற்றைத் தடுத்த ஒவ்வொரு முயற்சியும் இந்நோயையும் ஓரளவு தடுத்தது என்று கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கை மருத்துவம் என்னும் தனி இயக்கமும் தமிழர்களிடையே பரவியது. மருந்தை அறவே விலக்கி நீர், மண், காற்று, உணவு, நோன்பு ஆகியவற்றால் மட்டுமே நோய் தீர்க்கலாம் என்ற கொள்கையை, ஜெர்மனியரான லூயி கூனேயின் இடுப்புக் குளியலும், மலச்சிக்கலுக்கு வயிற்றில் மண்பட்டி கட்டிப் பயன் கண்டதாகக் காந்தியடிகள் எழுதியவையும் பரப்பின. பரியாரியின் மருத்துவம் மருந்தை விலக்கவில்லை. எனினும் நோன்பிலும் உணவொழுங்கிலும் இரண்டும் சந்தித்தன. இதே காலத்தில், 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும், ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பரராசசேகரத்தைப் பாகம் பாகமாக அச்சிட்டு, குடும்பங்களுக்குள் அடங்கியிருந்த அறிவைப் பொதுவுடைமையாக்கினார். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச மருத்துவத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவ அலகு உருவானதோடு கைதடி அதன் நிலைக்களமாயிற்று.

அண்மைக்கால ஆய்வு பழைய மரபை ஓரிடத்தில் உறுதிப்படுத்தி மற்றோரிடத்தில் மறுக்கிறது. 2005இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த உணவுமுறை, சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் சில மாச்சத்துகளைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, உடலுக்கு ஒவ்வாததைக் கண்டறியச் சொல்கிறது. ஆளுக்கேற்ப விலக்கிப் பார்க்கும் இந்நெறி பத்தியத்துக்கு நெருங்கிய உறவுடையது. ஆனால் அம்முறை முதலில் விலக்குபவற்றுள், புத்தூர்ச் செம்மண்ணில் விளையும் வெங்காயமும் பத்தியக் கறியில் இடம்பெறும் உள்ளியும் உள்ளன. பாற்சர்க்கரை செமியாதவருக்கு மோரும் அளவோடுதான் ஏற்கும். ஆகவே நூலில் உள்ளது என்பதற்காக எல்லாருக்கும் ஒரே பத்தியத்தை விதிப்பது, நோயாளியின் தேகநிலையை அறிந்தே உணவு சொல்ல வேண்டும் என்ற அம்மரபின் அடிப்படைக்கே மாறானது.

மலத்தில் இரத்தம், காரணமற்ற மெலிவு, இரத்தச்சோகை, காய்ச்சல், நடுவயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் குடல் மாற்றம் ஆகியவை இருப்பின், பத்தியத்தைத் தொடங்கு முன் வைத்தியசாலையில் பரிசோதனை செய்வது கட்டாயம். அவ்வாறு வேறு நோயில்லை என்று உறுதியான பின், நீண்டநாள் துணையாக நிற்கக்கூடியது உணவொழுங்கே. அதனைப் பலவீனரின் தண்டனையாகக் கருதாமல், நூல்கள் வழியும் அடுக்களை வழியும் வளர்ந்த ஓர் அறிவுத்துறையாகக் கற்று, பயனுள்ளதைச் சோதித்து நிலைநிறுத்தி, பயனற்றதைத் துணிந்து விலக்குவதே புத்தூர் வட்டாரத்தின் வைத்திய மரபுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.