நாராயணய்யா – அன்னி பெசன்ட் வழக்கு

நாராயணய்யா – அன்னி பெசன்ட் வழக்கு, தன் இரு மகன்களைத் திரும்பப் பெறுவதற்காக ஒரு தந்தை 1912-ஆம் ஆண்டு தொடுத்த வழக்கு. செங்கல்பட்டில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. இந்தியாவில் குழந்தைக் காப்புரிமை பற்றிய பேச்சில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வழக்கில் குறிப்பிடப்பட்ட சிறுவர்களில் மூத்தவர், பின்னாளில் உலகம் அறிந்த சிந்தனையாளரான ஜே. கிருஷ்ணமூர்த்தி. இளையவர் நித்யானந்தா.

பின்னணி

ஜிட்டு நாராயணய்யா மதனப்பள்ளியைச் சேர்ந்தவர். வருவாய்த் துறையில் பணியாற்றி 1907-இல் ஓய்வு பெற்றார். அவருடைய மனைவி சஞ்சீவம்மா 1905-இலேயே இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தந்தையின் மேல் விழுந்தது. நெடுங்காலம் பிரம்மஞான சபையில் உறுப்பினராக இருந்த அவர், 1909 ஜனவரியில் நான்கு மகன்களோடு சென்னை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்து சபையின் பணியில் சேர்ந்தார்.

அதே ஆண்டில் சபையின் முன்னணியாளர் சி. டபிள்யூ. லெட்பீட்டர், அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தியைக் கண்டு, உலக ஆசானாக வரப்போகிறவர் இவரே என்று அறிவித்தார். சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அதை ஏற்றார். 1910 மார்ச்சில், கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் பெசன்டின் பாதுகாப்பில் ஒப்படைக்கும் கடிதத்தில் நாராயணய்யா கையெழுத்திட்டார். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிடைக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

நாளடைவில் நம்பிக்கை தளர்ந்தது. லெட்பீட்டரோடு பிள்ளைகள் பழகுவதைத் தந்தை விரும்பவில்லை. 1912 தொடக்கத்தில் பெசன்ட் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தந்தை திரும்பக் கேட்டும் பிள்ளைகள் வரவில்லை.

சென்னைத் தீர்ப்பு

1912 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் நாராயணய்யா வழக்குத் தொடுத்தார். பின்னர் அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக சி. பி. ராமசாமி ஐயர் வாதாடினார். பெசன்ட் வழக்கறிஞர் இல்லாமல் தமக்காகத் தாமே வாதாடினார்.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்பளித்தார். லெட்பீட்டர் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். பெசன்ட் செய்த மேல்முறையீடும் அதே ஆண்டு அக்டோபரில் தள்ளுபடியானது. இரண்டு முறையும் தந்தை வென்றார். பிள்ளைகளோ கடல் கடந்து இருந்தார்கள்.

பிரிவி கவுன்சில்

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்புகளை ரத்து செய்தது. பெசன்ட் நல்லவர், தந்தை தவறானவர் என்பது அதற்குக் காரணம் அல்ல. முதல் காரணம், வழக்கின் வடிவம். பிள்ளையின் காப்பு பற்றிய கேள்வியை, இரு தரப்பினர் சொத்துக்காக மோதுவது போன்ற சாதாரண உரிமையியல் வழக்காக நடத்தக்கூடாது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டப்படி விண்ணப்பமாகவே கொண்டுவர வேண்டும். இரண்டாவது காரணம், நீதிமன்ற எல்லை. அந்தச் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றமே விசாரிக்க முடியும். படிப்புக்காகப் பல மாதங்களுக்கு முன்பே இங்கிலாந்து சென்றவர்களைச் செங்கல்பட்டு மாவட்டவாசிகளாகக் கருத முடியாது. மூன்றாவதாக, பிள்ளைகளின் நலனும் விருப்பமும் நீதிமன்றத்தின் முன் முறையாக வைக்கப்படவில்லை.

தந்தையின் உரிமையைப் பிரிவி கவுன்சில் மறுக்கவில்லை. பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைத்த தந்தை, அந்த ஒப்படைப்பைத் திரும்பப் பெறலாம் என்றது. ஆனால் அதற்குள் பிள்ளைக்குப் புதிய உறவுகளும் எதிர்பார்ப்புகளும் உண்டாகி, அவற்றைக் கலைப்பது பிள்ளைக்குக் கேடாகும் என்றால், நீதிமன்றம் தலையிடலாம் என்றும் சொன்னது. தந்தை கையெழுத்திட்ட கடிதத்தைவிட, அதன் பிறகு கழிந்த காலம் வழக்கில் கனமானது.

பழனி மலையில் அதே கேள்வி

'வழக்கமாக வசிக்கும் இடம்' என்ற சொல் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் போன்ற விடுதிப் பள்ளி ஊர்களில் அதன் பொருளை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கப்பட்ட பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. அப்போதிருந்து மலைக்குக் கீழே வீடு, மலைமேல் படிப்பு என்று வாழும் பிள்ளைகள் அங்கு உண்டு. பிரிந்த பெற்றோரில் ஒருவர் மதுரையிலும் மற்றவர் சென்னையிலும் இருக்க, பிள்ளை கொடைக்கானல் விடுதியில் இருந்தால், மனுவை எங்கே கொடுப்பது? இதற்கு ஒரே விடை இல்லை. பிள்ளையின் வீடு எது, படிப்பு எவ்வளவு காலம், விடுமுறையில் எங்கே செல்கிறது என்ற உண்மைகளை வைத்தே நீதிமன்றம் முடிவு செய்கிறது.

பின்வந்த சட்டம்

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதல் இயற்கைக் காப்பாளர் என்றது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றது. பிள்ளையின் நலனே தலையாயது என்றும் சொன்னது. சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்று தெளிவாக்கியது. தந்தை தகுதியுள்ளவர் என்பது மட்டும் போதாது. பிள்ளையின் நலனே அளவுகோல். 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக முடியும் என்று தீர்ப்பு வந்தது.

இந்த வளர்ச்சி, வேலைக்குச் செல்லாமல் வீட்டில் இருந்து பிள்ளையை வளர்த்த தந்தைக்கும் வழி திறந்தது. ஆண் என்பதால் அவருக்கு முன்னுரிமை இல்லை. சம்பளம் இல்லை என்பதால் மட்டும் அவர் மனு தள்ளப்படுவதும் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலில் மருத்துவரிடம் கொண்டு சென்றது, அன்றாடம் உடன் இருந்தது ஆகியவையே அவருடைய சான்றுகள். பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும்.

வழக்கின் முடிவில் கிருஷ்ணமூர்த்தி பதினெட்டு வயதைக் கடந்திருந்தார். நாராயணய்யா 1924-இலும் நித்யானந்தா 1925-இலும் இறந்தனர். உலக ஆசானுக்காக அமைக்கப்பட்ட இயக்கத்தை 1929-இல் கிருஷ்ணமூர்த்தியே கலைத்தார். எந்த எதிர்காலத்துக்காகத் தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்டாரோ, அந்த எதிர்காலத்தை வளர்ந்த பிறகு அவரே வேண்டாம் என்றார்.