ஆசிரியர்கள் மாணவரான வரலாறு

நம் சங்கத்து ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் பணித்தார். வரலாறு என்றவுடன் சோழர் கடற்படையைப் பற்றியும் பல்லவர் குடைவரைகளைப் பற்றியும் எழுதுவதே நம்மிடையே வழக்கம். அவற்றை எழுத என்னினும் வல்லார் நம் காலனியிலேயே பலர் உளர். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, கோப்புகளோடு காலம் கழித்து வரும் நான் வேறொரு வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். அமெரிக்க நாட்டில், பெரிய கல்லூரிகளை எட்ட இயலாதவர்களுக்காக எழுந்த சமுதாயக் கல்லூரிகளின் வரலாறு அது. அக்கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், தலைமைப் பொறுப்பை ஏற்பதற்காகத் தாமும் நடு வயதில் மாணவராகி, டாக்டர் பட்டத்திற்குப் பயின்ற வரலாறும் அதனுள் அடங்கும்.

இதில் எனக்கு நாட்டம் பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. தந்தையார் மறைந்தபின், குடும்பச் சுமையின் பொருட்டுப் பத்தொன்பதாம் வயதில் வேலையில் அமர்ந்தேன். சில ஆண்டுகள் சென்றபின், மாலை வகுப்பில் இடம் கிடைக்குமா என்று கேட்டறிய ஒரு கல்லூரிக்குச் சென்றேன். சாளரத்திற்கு அப்பால் இருந்தவர் என் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இத்தனை நாள் என்ன செய்தீர்? காலம் கடந்துவிட்டதே!" என்றார். சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவரை நான் இன்று நோவதில்லை. என்னைப் போன்றவன் வந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும், எங்கே வழிகாட்ட வேண்டும் என்று அவருக்கு எவரும் கற்பித்திரார். அதனைக் கற்பிப்பதற்கென்றே உலகில் ஒரு படிப்பு உண்டு என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது பெரிதும் வியந்தேன்.

கதை 1901-ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்குகிறது. சிகாகோ பல்கலைக் கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பவரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுன் என்பவரும் கலந்து பேசினர். பல்கலைக் கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை மாணவர்கள் சொந்த ஊரிலேயே பயின்று, பின்னர் பெரிய இடத்திற்குச் செல்லலாம் என்பது அவர்கள் கண்ட வழி. தொடக்கத்தில் சேர்ந்த மாணவர் 6 பேர். அந்தக் கல்லூரி இன்றும் அந்நகரில் இயங்கி வருகிறது.

இவ்வகைக் கல்லூரிக்கு 'ஜூனியர் காலேஜ்' என்று பெயரிட்டனர். மராட்டிய மாநிலத்தில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு வழங்கும் அதே பெயரோடு நம் வாசகர்கள் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அமெரிக்கர் நடத்தியது பள்ளிக்குப் பிற்பட்ட ஈராண்டுக் கல்லூரி.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. ஹார்ப்பர் நிகரற்ற அறிவாளர். யேல் பல்கலைக் கழகத்தில் 1875-ஆம் ஆண்டில் அவர் டாக்டர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 18. ஆயின், அவர் நட்ட செடி மரமாகி நின்ற காலத்தில், அதன் நிழலுக்கு வந்தோரும் வேறு வகையினர்; அதனைக் காத்தோரும் வேறு வகையினர். நாற்பதிலும் ஐம்பதிலும், பகல் முழுதும் பணியாற்றி, இரவில் புத்தகம் விரித்துப் பட்டம் பெற்றவர்கள் அவர்கள். பதினெட்டு வயதிற்கும் ஐம்பது வயதிற்கும் இடைப்பட்ட அந்தத் தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கக் காலத்துக் கல்லூரிகள் பல உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்களிலேயே நடந்தன. பள்ளித் தலைமையாசிரியரே கல்லூரித் தலைவராகவும் விளங்கினார். 1920-ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி, இக்கல்லூரிகள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டன. அதே 1920-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகம், கல்வித் துறையில் பணியாற்றுவோருக்கெனத் தனி டாக்டர் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. பழைய ஆராய்ச்சிப் பட்டம் புதிய அறிவைத் தேடுவோர்க்கு உரியது. இப்புதிய பட்டமோ பள்ளியையும் கல்லூரியையும் நடத்துவோர் தம் தொழிலைத் தேர்ந்து செய்வதற்கு உரியது. இவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றுவரை தீரவில்லை.

இரண்டாம் உலகப் போர் யாவற்றையும் மாற்றியது. 1944-ஆம் ஆண்டில், போரினின்று மீளும் வீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் சட்டம் நிறைவேறியது. துப்பாக்கி பிடித்த கைகள் புத்தகத்தைத் தேடி வந்தன. அவ்வாண்டிலேயே ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில், இக்கல்லூரிகளின் தலைவர்களைப் பயிற்றுவதற்கெனத் தனிப் படிப்பு தோன்றியது. 1947-ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. உள்ளூர் மக்களின் தேவைக்கேற்ற பாடங்களைக் குறைந்த செலவில் கற்பிக்கும் கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று அக்குழு வலியுறுத்தியது. 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் பரவியது அதன் பின்னரே.

1960-களில் ஏறத்தாழ வாரத்திற்கு ஒன்று என்னும் விரைவில் புதிய கல்லூரிகள் எழுந்தன. அந்தப் பத்தாண்டுகளில் தோன்றியவை 450-க்கும் மேற்பட்டவை. கட்டடம் எழுப்பப் பணம் இருந்தது. சேர மாணவர் இருந்தனர். தலைமை ஏற்க ஆள் எங்கே? பல்கலைக் கழகப் பேராசிரியரை அழைத்தால், பன்னிரண்டு ஆண்டு தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்மணி கணக்குப் பாடத்திற்கு வந்து நிற்கும்போது அவர் திகைப்பார். பள்ளித் தலைமையாசிரியரை அழைத்தால், வளர்ந்த மனிதர்களையும் சிறுவரைப் போல் நடத்துவார்.

இக்குறையை உணர்ந்து பொருளுதவி செய்ய முன்வந்தது கெல்லாக் அறக்கட்டளை. காலைச் சிற்றுண்டித் தானிய வகைகளால் நம் கடைத் தெருவிலும் பெயர் விளங்கும் அதே கெல்லாக் 1930-இல் நிறுவிய அறநிலையம் அது. 1960-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அதன் திட்டத்தால் டெக்சாஸ், புளோரிடா, மிச்சிகன், ஸ்டான்போர்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா முதலிய பல்கலைக் கழகங்களில் பயிற்சி மையங்கள் அமைந்தன. சமுதாயக் கல்லூரி ஆசிரியர் பலர் அங்கே சென்று பயின்று, டாக்டர் பட்டத்தோடு திரும்பித் தலைவராயினர்.

அதே 1960-ஆம் ஆண்டில், பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியல் அறிஞர் ஒரு கசப்பான உண்மையை எடுத்துரைத்தார். கலிபோர்னியாவில் இத்தகைய கல்லூரி ஒன்றை ஆராய்ந்து அவர் கண்டது இதுதான்: கல்லூரியின் கதவு அனைவர்க்கும் திறந்திருக்கிறது, ஆயினும் உள்ளே வந்த பலரின் பெருங்கனவு சிறிது சிறிதாகத் தணிக்கப்படுகிறது. 'உமக்கு இது போதும்' என்று மெல்ல உணர்த்தி, சிறிய படிப்பிற்குத் திருப்பி விடுகிறார்கள். கதவைத் திறந்து வைப்பது ஒரு செயல். வந்தவரைக் கரை சேர்ப்பது மற்றொரு செயல். முன்னதற்கு நல்ல மனம் போதும். பின்னதற்குக் கல்வி வேண்டும். தலைவர்களுக்குத் தனிப் படிப்பு ஏன் என்று கேட்போருக்கு இதனினும் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கற்பது யாது? அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரியின் தலைவர் பல எசமானர்களுக்கு விடை சொல்ல வேண்டியவர். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் உள்ளூர் மக்களே வாக்களித்து ஆட்சிக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அக்குழுவே தலைவரை அமர்த்துகிறது. வீட்டு வரியில் ஒரு பகுதியும், மாநில அரசின் மானியமும், மாணவர் கட்டணமும் சேர்ந்தே பல கல்லூரிகளின் வருவாய் ஆகின்றன. ஆகவே, நிதி, சட்டம், ஆட்சிக் குழுவோடு பழகும் முறை, கல்லூரிகளின் வரலாறு, வளர்ந்தோர் கற்கும் விதம், புள்ளிவிவரங்களைப் படித்தறிதல் ஆகிய யாவும் பாடங்களாகின்றன. தலைவருக்கு வேண்டிய தகுதிகளை ஆறு பிரிவாக வகுத்து, அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் சங்கம் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1920-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த அதே சங்கம்தான் இது. 1992-இல் இப்பெயரை ஏற்றது.

வேலையை விடாமல் பயில்வோருக்காக மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு வைக்கும் பல்கலைக் கழகங்கள் பல. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் ஓர் அணியாக இறுதிவரை சேர்ந்து பயில்வதும் உண்டு. பால்டிமோர் நகரத்து மார்கன் மாநிலப் பல்கலைக் கழகம், கறுப்பின மக்களின் கல்விக்காக வளர்ந்த பழம்பெரும் நிலையம். அதுவும் இப்படிப்பை நடத்தி வருகிறது. பாடங்கள் முடிந்தபின் தகுதித் தேர்வு. அதன் பின் ஆய்வேடு. இறுதியில் அறிஞர் குழுவின் முன் வாய்மொழித் தேர்வு. இந்த ஆய்வேட்டில்தான் பலர் தளர்ந்து நின்று விடுகின்றனர். 'ஆய்வேடு நீங்கலாக அனைத்தும் முடித்தவர்' என்று அவர்களைக் குறிக்க ஒரு தொடரே அங்கு வழக்கில் உள்ளது. குழந்தைக்குக் காய்ச்சல், கல்லூரியில் கணக்குத் தணிக்கை, முதிய பெற்றோர் என்று வரிசையாய் வரும் இடையூறுகளுக்கு நடுவே எழுத்து நின்று போகிறது. இரவுப் பணி முடித்து வந்து துறைத் தேர்வுக்குப் படிக்கும் நம் காலனித் தோழர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் காண்க. படிப்பை நடுவில் விடும் மாணவரைப் பற்றி ஆராயும் ஆசிரியர், தாமே படிப்பை நடுவில் விடும் நிலைக்கு ஆளாகிறார். தம் மாணவரின் துன்பத்தை அவர் ஏட்டில் மட்டுமன்றித் தம் உடம்பிலும் உணர்கிறார். இதனினும் சிறந்த பாடம் வேறு எது?

இப்படிப்பைக் குறை கூறுவோரும் உளர். ஆய்வேடுகள் பல நூலக அலமாரியில் உறங்குகின்றன, பதவி உயர்வுக்காகவே பட்டம் தேடப்படுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதனை உணர்ந்தே 2007-ஆம் ஆண்டில் பல பல்கலைக் கழகங்கள் கார்னெகி நிறுவனத்தின் ஆதரவில் ஒன்று கூடி, கல்வித் துறை டாக்டர் படிப்பைத் திருத்தி அமைக்க முற்பட்டன. ஆய்வேட்டின் பொருள் பணியிடத்தில் உண்மையாகவே எழும் ஒரு சிக்கலாக இருக்க வேண்டும், அதன் தீர்வு அங்கேயே பயன்பட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜோ பைடனின் துணைவியார் ஜில் பைடன் அம்மையார், டெலவேர் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவர். டெலவேர் பல்கலைக் கழகத்தில் பயின்று 2007-ஆம் ஆண்டில், 55-ஆம் வயதில், கல்வித் தலைமைத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றார். சமுதாயக் கல்லூரி மாணவர்கள் படிப்பை விட்டு நீங்காமல் காப்பது எவ்வாறு என்பதே அவர் ஆய்வுப் பொருள். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாளேட்டில் வெளிவந்த கட்டுரை, அவர் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வதை எள்ளியது. பெருங்கண்டனம் எழுந்தது. அவரோ தம் வகுப்பை விடவில்லை. வெள்ளை மாளிகையில் வாழ்ந்த காலத்திலும் வட வர்ஜீனியாச் சமுதாயக் கல்லூரியில் கற்பித்து வந்தார். அம்மையாரின் கட்சியைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஆய்வில் தேடிய விடையை வகுப்பறைக்கே கொண்டு சென்றார் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

அந்நாட்டில் இன்று ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. நம் நாட்டிலும் இவ்விதை விழுந்தது. 1995-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலும், 1996-இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. 2013-ஆம் ஆண்டில் பல்கலைக் கழக மானியக் குழு இவற்றிற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. முதல் முயற்சி தமிழ் மண்ணில் அரும்பியது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால், கல்லூரிகளைத் திறந்தால் மட்டும் போதாது. நடத்துவோரையும் ஆக்க வேண்டும் என்பதே அமெரிக்கர் அரை நூற்றாண்டு பட்டறிந்து கண்ட பாடம். பயிற்சி பெறாதவரிடம் நம் இரயில்வே ஓர் எஞ்சினை ஒப்படைக்குமா? ஆயிரம் பேரின் எதிர்காலத்தை இழுத்துச் செல்பவருக்கு மட்டும் பயிற்சி வேண்டாமா?

பள்ளியை இடையில் விட்ட ஆடவரும் பெண்டிரும் நம் காலனியில் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே உளர். சங்கக் கட்டடத்தின் பின்னறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. அதனைத் திறக்க அதிகச் செலவு ஆகாது. திறக்குமுன், நாற்பது வயதில் சிலேட்டோடு வந்து நிற்பவரிடம் முதற்சொல் என்ன சொல்வது என்பதை மட்டும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று மடித்து வைத்த என் சான்றிதழ் இன்னும் பெட்டியில் உள்ளது. அந்தப் பின்னறை திறக்கும் நாளில் முதல் மாணவனாகவோ, வருவோர் பெயரை எழுதும் எழுத்தனாகவோ நான் வந்து அமர்வேன். எவர் வந்தாலும் "காலம் கடந்துவிட்டது" என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!